பனியன் துணித் தொட்டில்

தொட்டில் நாலு விரற்கடை இறங்கியிருந்தது.

அதைத் தெரிந்துகொள்ள மாரக்காளுக்கு டேப் தேவைப்படவில்லை. பத்து வருடமாகத் துணி செக்கிங் பார்க்கிற கண் அவளுடையது. அவளுக்கு உதவியாளாக இருக்கும் சென்னம்மாள் தன் கைக்குழந்தைக்காகக் கட்டிய தொட்டில் அது. குழந்தையைக் கொமரலிங்கத்தில் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்த பிறகும் அவள் அதை அவிழ்க்கவில்லை. பனியன் கம்பெனியின் தகர செட்டு மூலையில், இரும்புத் தூலத்திலிருந்து, அடிப்பாகம் செக்கிங் மேசையின் விளிம்புக்கு நேராக நிற்கும்படி வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை பொழுதோடு பூட்டும்போதும் விளிம்புக்கு நேராகத்தான் இருந்தது. திங்கட்கிழமை காலையில் விளிம்புக்குக் கீழே இருந்தது.

சேலையில் கட்டிய தொட்டிலானால் இதைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை. சேலை தறியில் நெய்தது. பாவும் ஊடையும் ஒன்றையொன்று குறுக்கே பிடித்துக்கொள்ளும், இழுத்தாலும் கொடுக்காது. பனியன் துணியின் கதை வேறு. ஒரே நூல் வளையத்துக்குள் வளையமாகக் கோத்துக்கொண்டு போவதுதான் பனியன் துணி. எடை ஏறினால் ஒவ்வொரு வளையமும் துளி நீளும். எடையை எடுத்தால் ஆயிரக்கணக்கான வளையங்களும் சுருங்கிப் பழைய இடத்துக்கு வந்துவிடும். அப்படிப் பார்த்தால் பனியன் துணித் தொட்டில் ஒரு தராசு. எவ்வளவு இறங்குகிறதோ, உள்ளே அவ்வளவு இருக்கிறது என்று அர்த்தம்.

எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை.

விரலை அடியில் கொடுத்து மெல்லத் தூக்கினாள். கனத்தது. விட்டாள். துணி இரண்டு முறை மெத்தென்று துள்ளி, அதே நாலு விரற்கடை கீழே வந்து நின்றது. நூல் மெழுகும் மெஷின் எண்ணெயும் கலந்த செட்டின் வழக்கமான வாசனைக்கு அடியில், புளித்த பாலின் வாசனை ஒன்று, தூசிக்காக முகத்தில் கட்டியிருந்த துணியையும் தாண்டி வந்தது.

"துணி தளந்துபோச்சாட்டருக்குது," என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு அவள் வேலையைத் தொடங்கினாள்.

அது தொண்ணூற்றேழு, சித்திரை மாதம். திருமுருகன்பூண்டிக்குப் பக்கத்தில் பத்து நிட்டிங் மெஷின் ஓடுகிற அந்தத் தகர செட்டுக்கு அவள் வேலைக்குத் திரும்பி அன்றோடு ஒரு வாரம். அந்தத் தை வரை ஒன்றரை வருடம் அவளுடைய இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை கோயமுத்தூர் போய், ரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் கழுவி, திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தாள். ஒரு நாளைக்கு அரைச் சொம்புத் தண்ணீர்தான் குடிக்கலாம். அதை மடக்கு மடக்காகப் பிரித்து வைத்துக்கொண்டு, வெயில் காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சொம்பையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தவள்.

தை மாதம் சென்னையிலிருந்து தகவல் வந்தது. மாடியிலிருந்து விழுந்த ஒரு குழந்தை. ஒன்றரை வயது. மூளை செத்துவிட்டது, இதயம் மட்டும் மெஷின் துணையில் துடிக்கிறது, பெற்றவர்கள் சம்மதித்துவிட்டார்கள். ஆணா பெண்ணா என்றுகூட அவளிடம் சொல்லவில்லை. அது விதி என்றார்கள்.

டாக்டர் இளவயதுக்காரர். மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டே விளக்கினார். ஒன்றரை வயதுக் குழந்தையின் சிறுநீரகம் ஆறு சென்டிமீட்டர், பிஞ்சுக் கத்தரிக்காய் அளவு. பெரிய ஆளுக்கு ஒன்று போதாது. அதனால் இரண்டையும் சேர்த்தே எடுப்பார்கள். தனித்தனியாக அறுத்தால் ரத்தக்குழாய் நூல் மாதிரி இருக்கும், தைக்க முடியாது. ஆகவே முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய குழாயில் ஒரு துண்டோடு, ஒரே காம்பில் இரண்டு காய் தொங்குவது போல எடுத்து, வாங்குகிறவரின் வலது அடிவயிற்றில், காலுக்குப் போகும் குழாயோடு இணைத்துத் தைப்பார்கள். பழைய இரண்டையும் எடுப்பதில்லை. அவை பாட்டுக்கு முதுகில் கிடக்கும்.

"இத்தனூண்டு இருந்தா பத்துமாங்க?" என்று அவள் கேட்டாள்.

"அதுதாங்க ஆச்சரியம்," என்றார் டாக்டர். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. "புது உடம்புல எவ்வளவு வேலை இருக்குதுன்னு அதுகளுக்குத் தெரிஞ்சுடும். அந்த வேலைக்குத் தக்கபடி வளரும். குழந்தைகிட்ட இருந்திருந்தா பதினஞ்சு வருஷம் ஆகும். உங்ககிட்ட ஒரே வருஷத்துல பெரியவங்க அளவுக்கு வந்துடும்."

மாத்திரையைப் பற்றியும் அவர்தான் சொன்னார். உடம்பில் காவல்காரர்கள் இருக்கிறார்கள், அந்நியமாக எது வந்தாலும் அடித்து விரட்டுவார்கள், மாத்திரை அவர்களைத் தூங்க வைக்கும். "அடுத்தவங்க உறுப்பைச் சுமக்கறவங்க ஆயுசு முழுக்க இதைச் சாப்பிடணும். காலையில எட்டு, ராத்திரி எட்டு. ஒரு வேளை விட்டாலும் காவல்காரன் முழிச்சுக்குவான்."

அந்த மாதமே அறுவை நடந்தது; மாத்திரையை ஒரு வேளைகூட அவள் விடவில்லை. முகம் உப்பிப் பூரித்தது. கன்னத்திலும் கையிலும் பச்சைக் குழந்தைக்கு இருப்பது போன்ற பூனை மயிர் படர்ந்தது. இரண்டும் மாத்திரையின் வேலைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே கண்ணாடியைப் பார்த்து அவள் கலங்கவில்லை.

ஊர் சும்மா இருக்கவில்லை. டீ வேளையில், நூலைக் கோனில் சுற்றும் மருதாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "பச்சப் புள்ளையோடதப் புடுங்கி வெச்சுக்கிட்டு எப்படித்தான் சோறு எறங்குதோ," என்றாள்.

"நல்லா எறங்குதுங்க மருதக்கா," என்றாள் மாரக்காள். "நேத்து ரெண்டு தட்டு உண்டேன். நீங்க பொறாமப்படறதப் பாத்தா இன்னைக்கு மூணு உங்கலாமாட்டருக்குது."

சென்னம்மாள் டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். மாரக்காள் சொம்பை எடுத்து, மருதாளைப் பார்த்தபடியே, கடகடவென்று முழுத் தண்ணீரையும் குடித்தாள்.

ஆனி மாதம் ஸ்கேனில் எட்டு சென்டிமீட்டர் என்று வந்தது. டாக்டர் கைகொடுத்தார். மறுநாள் தொட்டில் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது.

அவள் யாரிடமும் சொல்லாமல் டேப் பிடித்து அளந்தாள். மூலைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டாள். ஆடியில் ஒரு கோடு. ஆவணியில் ஸ்கேன் ஒன்பது, இன்னொரு கோடு. ஸ்கேன் ஏறும்போதெல்லாம் தொட்டில் இறங்கியது. நடுவில் ஒரு நாள்கூட அது மேலே வரவில்லை.

நல்லான் அவள் கணவன். அதே செட்டில் மெஷின் ஃபிட்டர். ஒரு நாள் அவனைக் கூட்டி வந்து காட்டினாள்.

"துணி தளந்துபோச்சு அம்மிணி. இதுக்குப் போயி…"

"தளந்த துணின்னா தூக்குனா தொளதொளன்னு வரோணுமுங்க. அடியில கையக் குடுத்துப் பாருங்க."

கையைக் கொடுத்தான். அடுத்த நொடி, ஓடும் மெஷினுக்குள் விரலை விட்டவன் போல இழுத்துக்கொண்டான். உள்ளே எட்டிப் பார்த்தான். அடியில் பார்த்தான். உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"சூடா இருக்குது," என்றான்.

"ஆமாங்க."

"கத்திரியக் கொண்டா. அறுத்து வீசிறலாம்."

அவள் தடுத்தாள். அவளுடைய தொழில் அவளைத் தடுக்க வைத்தது. செக்கிங்கில் ஒரு குறை தெரிந்தால் உடனே வெட்டி எடுக்க மாட்டார்கள். வெட்டினால் வளையம் அறுந்து கண்ணி கண்ணியாக ஓடிவிடும். குறை எங்கே போய் முடியும் என்று தெரியாது. அந்த இடத்தில் ஒரு கலர் நூலைக் கட்டிவிட்டு, கண்பார்வையிலேயே வைத்திருப்பார்கள்.

"அறுத்தா அது எங்கீங்க போகும்?" என்றாள். "இதுல இருக்கற வரைக்கும், எங்க இருக்குதுன்னாச்சும் எனக்குத் தெரியுது."

தொட்டில் கயிற்றில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினாள். இவளோடு பேசி ஜெயிக்க முடியாது என்று தெரிந்த நல்லான் மெஷின் பக்கம் போனான். பின்னால் யோசித்தபோது, அறுக்க விட்டிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. தொட்டில் கட்டி, அவிழ்க்காமல் காவலும் இருந்தால், உள்ளே இருப்பது இது தன் வீடு என்றுதானே நினைக்கும்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம். மற்றவர்கள் சாப்பிட வெளியே மரத்தடிக்குப் போயிருந்தார்கள். கரண்ட் போயிற்று. பத்து மெஷினும் ஒன்றன்பின் ஒன்றாக இரைச்சல் இறங்கி, பெருமூச்சு விட்டு நின்றன. தகரக் கூரை வெயிலில் படபடத்தது. பூண்டிப் பட்டறைகளில் கல் கொத்தும் உளிச் சத்தம், மெஷின் ஓடும்போது கேட்காதது, இப்போது டிங் டிங் என்று தூரத்திலிருந்து வந்தது. பிறகு சிற்பிகளும் சாப்பிடப் போனார்கள் போலும், ஒவ்வொரு உளியாக அதுவும் ஓய்ந்தது. பஞ்சுத் தூசி மட்டும் கூரை ஓட்டை வழியாக இறங்கிய வெளிச்சத்தில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

கிரீச்.

கயிறு தூலத்தில் உரசும் சத்தம்.

கிரீச்.

காற்று இல்லை. தொட்டில் ஆடியது.

அவளுடைய வலது அடிவயிற்றில், தழும்புக்குக் கீழே, புதுக் குழாயில் ஓடும் ரத்தத்தின் துடிப்பைக் கை வைத்தால் உணரலாம். அவள் கை வைத்தாள். துடிப்பும் ஆட்டமும் ஒரே தாளத்தில் இருந்தன.

ஓடத்தான் கால் நினைத்தது. அவள் ஸ்டூலை இழுத்து, தொட்டிலுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"கேட்டுக்க," என்றாள். "நீ வுழுந்ததுக்கு நானா காரணம்? நான் உன்னத் தள்ளுனனா? உன்றதுன்னு ரெண்டு என்ற வயித்துல இருக்குது, மெய்தான். மண்ணுக்குப் போறத எனக்குக் குடுத்தாங்க. நான் வாங்கிக்கிட்டேன். ஒன்றர வருசம் தண்ணிக்குத் தவிச்சவ நானு. திருப்பித் தர மாட்டேன். அழுதாலும் தர மாட்டேன். ஆடறதுன்னா ஆடிக்க."

தொட்டில் நின்றது. நடு ஆட்டத்தில், ஒரு பக்கம் சாய்ந்தபடியே நின்றது.

கேட்டுக்கொண்டிருப்பது போல.

பிறகு கரண்ட் வந்தது.

சென்னம்மாளிடம் அன்றைக்கு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சென்னம்மாள் தொட்டில் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "ஏனக்கா," என்றாள் மெதுவாக. "அந்த மாத்திரைய நிறுத்திட்டா அது போயிருமில்ல?"

"போயிரும் கண்ணு. கூடவே நானும் போயிருவேன். அதுக்கு இந்த மாரக்காள் ஆளில்ல."

அன்று முதல் மாத்திரையைத் தொட்டிலுக்கு முன்னால் நின்றே விழுங்கினாள். வேண்டுமென்றேதான். காலை எட்டு மணிக்கு செட்டைத் திறந்ததும் அட்டையைப் பிரித்து, அந்தத் தவிட்டு நிற மாத்திரையின் நாற்றம் முகத்தில் அடிக்க, தொட்டிலுக்குத் தெரியும்படி நாக்கில் வைத்துத் தண்ணீர் குடித்தாள். அட்டை மேசை டிராயரிலேயே இருக்கும். ராத்திரி வேளைக்கானது வீட்டில்.

ஐப்பசியில் டிராயரில் இருந்த அட்டை பாதி மாதத்திலேயே தீர்ந்தது.

"ரெண்டு தடவ போட்டுக்கிட்டயா?" என்று நல்லான் பதறினான். மாத்திரை கூடினாலும் உயிருக்கு ஆபத்து. அன்றே கோயமுத்தூர் போய் ரத்தம் கொடுத்தார்கள். ரத்தத்தில் மருந்து எவ்வளவு ஓடுகிறது என்று சொல்லும் பரிசோதனை ஒன்று உண்டு. பொய் சொல்லாது. அளவு கச்சிதமாக இருந்தது. அவள் ஒரு வேளைக்கு ஒன்றுதான் சாப்பிட்டிருக்கிறாள்.

டிராயருக்குப் பூட்டுப் போட்டாள். சாவி தாலிக் கயிற்றில். அப்படியும் குறைந்தது. காலையில் அவள் ஒன்று எடுத்தால், அட்டையில் இன்னொரு குழியும் ஒழுங்காகப் பிதுக்கப்பட்டு வெறுமையாக இருந்தது.

யாருக்கு வேண்டும் அந்த மருந்து? போதை தராது, காய்ச்சலுக்கும் கேட்காது. அடுத்தவர் உறுப்பைச் சுமக்கிறவரைத் தவிர உலகத்தில் யாருக்கும் அதனால் பயனில்லை. இந்தக் கேள்வியை அவள் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பதில் கைக்கு எட்டும் தூரத்தில் வந்து வந்து நழுவியது.

கார்த்திகையில் தொட்டிலின் அடி தரையைத் தொட்டது. ஸ்கேனில் பத்தரை. "அவ்வளவுதாங்க. முழு வளர்ச்சி. இனி வளராது," என்றார் டாக்டர். படத்தை விளக்கில் பிடித்துக் காட்டினார். பிஞ்சாக உள்ளே போன இரண்டும் பழுத்த பெரிய காய்களாகத் தெரிந்தன.

மார்கழி, ஒரு திங்கட்கிழமை. காலை ஏழே முக்கால். பனி இன்னும் தரையை விட்டு எழவில்லை. நல்லானின் சைக்கிள் வழியில் பஞ்சர். "நீ போய்த் தொற, நான் ஒட்டிக்கிட்டு வந்தர்றேன்," என்று அவளை அனுப்பிவிட்டான். அவள் தனியாக வந்து, பூட்டைத் திறந்து, செட்டின் கதவைத் தள்ளினாள்.

தொட்டில் மேலே ஏறியிருந்தது.

மேசையின் விளிம்புக்கு நேராக. இலேசாக. துணி முழுக்கச் சுருங்கி, எடையே அறியாதது போல. சிவப்பு நூல் அப்படியே இருந்தது.

உள்ளே இருந்தது இறங்கிவிட்டது.

செட்டுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. செக்கிங் சட்டத்தின் விளக்கு. அவள் போடவில்லை.

நிட்டிங் மெஷினில் துணி தட்டையாக வருவதில்லை; ஊசிகள் வட்டமாக நிற்பதால் குழாயாக இறங்கும். அந்தக் குழாயை ஆளுயர இரும்புச் சட்டத்தின் மேல் உறை மாட்டுவது போல இழுத்துவிட்டு, உள்ளே டியூப்லைட் போட்டால், ஓட்டை இருக்கிற இடத்தில் வெளிச்சம் பொத்துக்கொண்டு வரும். செக்கிங் என்பது அவ்வளவுதான். சனிக்கிழமை மாட்டிவிட்டுப் போன வெள்ளைக் குழாய், தரையிலிருந்து ஆளுயரத்துக்கு, மூலை இருட்டில் பால் போல ஒளிர்ந்தது.

அதற்குள் ஒரு நிழல் நின்றது.

குழந்தையின் நிழல் இல்லை. அவள் உயரம். கொண்டை. உப்பிய கன்னம். வெளிச்சத்துக்கு எதிரே, முழங்கை ஓரத்தில் பூனை மயிர் வரி வரியாகத் தெரிந்தது.

நிழல் கையை உயர்த்தியது. வாய் திறந்தது. நாக்கில் எதையோ வைத்தது. அண்ணாந்தது. தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. தவிட்டு நிற மாத்திரையின் நாற்றம் செட்டெல்லாம் வந்தது.

எங்கோ கோயிலிலோ மில்லிலோ மணி எட்டு அடித்தது.

அடுத்தவரைச் சுமக்கிறவர் சாப்பிடுகிற மருந்து.

மாரக்காளுக்கு இப்போது பதில் கிடைத்தது. செட்டு மிகவும் பெரிதாக இருந்தது. கூரை வெகு உயரத்துக்குப் போயிருந்தது. சனிக்கிழமை இடுப்பளவு இருந்த மேசை விளிம்பு இன்று அவள் மார்புக்கு வந்தது. மூச்சு விட்டால் காதில் இன்னொரு துடிப்பு கேட்டது, பெரிய, நிதானமான துடிப்பு, நாலு சுவரிலிருந்தும்.

பயந்தாள். நன்றாகவே பயந்தாள். பயந்துகொண்டே எட்டி, மேசை மேலிருந்த பெரிய கத்திரியை எடுத்தாள். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது.

"என்ற உசுரு," என்றாள். குரல் மெலிந்து, சின்னதாக வந்தது. "அப்பவும் தரல. இப்பவும் தர மாட்டேன்."

துணியில் குத்தி இழுத்தாள். கண்ணிகள் சரசரவென்று ஓடின. குழாய் மேலிருந்து கீழ் வரை பிளந்து, இரண்டு பக்கமும் சுருண்டு விலகியது.

வெளிச்சம். வெளிச்சத்தின் நடுவே அவள். அவளேதான், ஆனால் பெரியவள், ஆரோக்கியமானவள். உதட்டில் தண்ணீரின் ஈரம். அது மாரக்காளைக் குனிந்து பார்த்தது. கோபமில்லை. டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்க்கும்போது அவர் முகத்தில் வருமே, அந்தச் சந்தோஷம்.

அது சேலைத் தலைப்பை விலக்கியது. வலது அடிவயிறு. ஒரு தழும்பு. புதுசு. தையல் புள்ளிகள் இன்னும் சிவந்திருந்தன.

தழும்புக்குக் கீழே, தோலுக்குள், ஏதோ அசைந்தது.

சின்னது. ஆறு சென்டிமீட்டர் இருக்கும். தோல் இறுகிய இடத்தில் உருவம் தெளிந்தது. ஒரு கொண்டை. உயர்த்திய இரண்டு கை. கைகளில் விரிந்த கத்திரி.

மாரக்காள் கத்திரியை மூடினாள். உள்ளே அது மூடியது.

திறந்தாள். உள்ளே திறந்தது.

அந்தப் பெரிய கை இறங்கி வந்து, வயிற்றின் மேல், தட்டித் தூங்க வைப்பது போல மெல்லத் தட்டியது. ஒரு முறை. இரண்டு முறை. மாரக்காளின் கண் சொருகியது.

பல்லைக் கடித்தாள். விழித்தாள். கத்திரியை நேராகப் பிடித்து, முன்னால் இருந்த வெறும் காற்றில், தன் எடை முழுவதையும் போட்டுக் குத்தினாள்.

அந்தப் பெரிய வயிற்றின் தோல் உள்ளிருந்து கூம்பாக எழும்பியது. கூம்பு வெளுத்தது. தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

கூம்பின் உச்சியில் ஒரு துளி ரத்தம் அரும்பியது. அதன் நடுவே, ஊசி முனை அளவுக்கு, இரும்பு மின்னியது.